கடைசி ஆணி யாரைக் கொன்றது?

ஒரு நிறுவனமோ கட்சியோ தொழில்நுட்பமோ சரிந்தால், 'சவப்பெட்டியில் அடித்த கடைசி ஆணி' என்று எழுதாமல் ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கை ஓடுவதில்லை. நம் தலையங்கங்களிலும் அந்தத் தொடர் குடியேறிவிட்டது. முடிவை நாலே சொல்லில் கண்முன் நிறுத்துகிறது என்று அதற்காக வாதாடுகிறார்கள். உண்மைதான். சுத்தியல் சத்தம் காதில் விழுகிறது. இனித் திறக்க வழியில்லை என்பது புரிந்துவிடுகிறது.

ஆனால் ஆணி யாரையும் கொல்வதில்லை. ஆள் இறந்த பிறகுதான் ஆணி அடிக்கிறார்கள். எதனால் இறந்தார், எத்தனை காலம் நோயில் கிடந்தார் என்ற கேள்விகளையும் சேர்த்து உள்ளே வைத்து அடித்துவிடுகிறது இந்தத் தொடர்.

கோடக்கை எடுத்துக்கொள்வோம். 2012 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. டிஜிட்டல் கேமரா அடித்த கடைசி ஆணி என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த டிஜிட்டல் கேமராவை 1975இல் செய்து காட்டியவரே கோடக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான். பிலிம் கொட்டிய லாபத்தை விட மனமில்லாமல் நிர்வாகம் தயங்கிக் கழித்த காலம் அல்லவா கதை? கடைசி ஆணியைப் பிடித்துக்கொண்டவருக்கு அந்த 36 ஆண்டுகளும் கண்ணில் படுவதில்லை. முடிவு என்பதாவது சரியா என்றால், அதுவும் இல்லை. 2013இல் கோடக் திவாலிலிருந்து மீண்டது. இன்றும் பிலிம் தயாரிக்கிறது. 1982இல் வந்த சிடியால் ஒழிந்தது என்று கருதப்பட்ட இசைத்தட்டு, 2022இல் அமெரிக்காவில் சிடியைவிட அதிக எண்ணிக்கையில் விற்றது.

இந்த உருவகம் தொடக்கத்தில் இப்படி இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. பீட்டர் பிண்டார் என்ற புனைபெயரில் எழுதிய 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் வால்காட்டிடம், கவலை ஓர் ஆணியைச் சேர்க்கிறது, சிரிப்பு ஒன்றைப் பிடுங்குகிறது. சிகரெட்டைச் 'சவப்பெட்டி ஆணி' என்று அழைத்த கொச்சை வழக்கிலும் எண்ணிக்கை உண்டு; ஒவ்வொன்றாக அடிப்பவர் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். 'கடைசி' என்ற அடைமொழி ஏறி உட்கார்ந்ததும் எண்ணிக்கை போயிற்று, பிடுங்குகிற கையும் போயிற்று. இதை வெறும் தேய்வழக்கு என்று நான் மன்னிக்கத் தயாரில்லை. காரணம் தேடாதவர் காரணம் சொன்னதாகக் காட்டிக்கொள்ள இது உதவுகிறது.

'மூடுவிழா நடந்தது' என்று நம் ஊரில் சொல்கிறோம். மூடினார்கள் என்பதற்கு மேல் அது எதையும் கோருவதில்லை. ஏன் மூடினார்கள் என்று அடுத்து ஒருவர் கேட்பதற்கு அதில் இடம் இருக்கிறது.