நிகர்ச்சொல் விளக்கமாகாது

2020 பிப்ரவரி 5ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோயில் விழாவைச் சிலர் கும்பாபிஷேகம் என்றார்கள், சிலர் குடமுழுக்கு என்றார்கள். மந்திரம் எந்த மொழியில் என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது. சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டால் சமயச் சொல் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் இரு தரப்புக்கும் பொது. பள்ளிக் கையேடுகளும் சிறு அகராதிகளும் அந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன: ஒரு சொல், இரண்டு நிகர்ச்சொல், ஒரு வாக்கியம். கற்பவருக்கு எளிமை வேண்டாமா என்று இதற்கு வாதாடுகிறார்கள்.

நிகர்ச்சொல்லுக்கு நம்மிடம் பெருமைமிக்க மரபு உண்டு. அம்பர்ச் சேந்தன் ஆதரவில் எழுந்த திவாகரம் என்னும் நிகண்டு தெய்வப்பெயர்த் தொகுதியோடுதான் தொடங்குகிறது. செய்யுள் கட்டுபவனுக்கு அது கைகொடுத்தது. 1992இல் வந்த க்ரியாவின் அகராதி, எடுத்துக்காட்டு வாக்கியம் எவ்வளவு பயன்படும் என்று காட்டியது. இவற்றை மறுக்கவில்லை.

ஆனால் 'ஆராதனை'யைப் பாருங்கள். 'வழிபாடு, பூசை' என்று பொருள் எழுதி, 'கோயிலில் ஆராதனை நடந்தது' என்று முடித்துவிடுவார்கள். காவிரிப் படுகையில் இந்தச் சொல் எங்கெல்லாம் வாழ்கிறது? திருவையாற்றில் அது 1847இல் மறைந்த தியாகராஜரின் நினைவு நாள். புஷ்ய பகுள பஞ்சமியன்று சமாதி முன் வித்வான்கள் கூடிப் பஞ்சரத்தினம் பாடுவது. சிவன் கோயிலில் தீபாராதனை என்றால் கற்பூரம் காட்டும் கணம். மணி அடிக்கும், நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்து லுத்தரன் சபையாருக்கோ அது ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் பாட்டும் பிரசங்கமும். அவர்கள் அதைப் பூசை என்று சொல்ல மாட்டார்கள். வேளாங்கண்ணிக்குப் போகிற கத்தோலிக்கர் திருப்பலியைப் பூசை என்பார். நற்கருணை முன் மண்டியிட்டிருப்பதை ஆராதனை என்பார். நிகர் என்று அகராதி எழுதிய இரண்டு சொல்லும் அவர் வாயில் இரண்டு வேறு செயல்கள்.

'அபிஷேகம்' இன்னும் தெளிவு. லிங்கத்தின் மேல் பாலும் சந்தனமும் வார்ப்பது ஒருவருக்கு. பரிசுத்த ஆவி தன்மேல் இறங்குவது இன்னொருவருக்கு. வைணவர் பெருமாளுக்குச் செய்வதைத் திருமஞ்சனம் என்பார். யார் சொல்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஒலி.

வாக்கியமாவது காப்பாற்றுமா? 'கோயிலில் ஆராதனை நடந்தது' என்பதில் ஆராதனையை எடுத்துவிட்டுத் தேரோட்டம், கூட்டம், திருமணம் எது வைத்தாலும் வாக்கியம் நிற்கும். எதை வைத்தாலும் நிற்கிற வாக்கியம் எதையும் விளக்கவில்லை. 'தீபாராதனை முடிந்ததும் குருக்கள் விபூதி கொடுத்தார்' என்று எழுதுங்கள்; சொல் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

எளிமை என்ற பெயரில் நடப்பது அழிப்பு. பக்கத்துத் தெருவில் இருப்பவர் எப்படிக் கும்பிடுகிறார் என்று கற்பிக்க வேண்டிய நூல், எல்லாரும் ஒன்றையே செய்கிறார்கள் என்று சொல்லி அவரை மறைக்கிறது. சமயச் சொல்லுக்கு நிகர்ச்சொல் பட்டியலே வேண்டாம். ஓதுவார், பட்டாச்சாரியார், உபதேசியார், நாகூர் தர்கா சாபுமார் ஆகியோரிடம் கேட்டு, யார், யாருக்கு, எப்போது என்ற மூன்றையும் எழுதுங்கள். அதற்கு உழைக்க மனமில்லாதவர்கள் அகராதி போட வேண்டாம்.