திரையில் அதிரும் கம்பி

இரு முனையும் இறுகக் கட்டிய கம்பியில் நிலை அலை உண்டாவதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். கணுக்கள் அசைவதில்லை, எதிர்க்கணுக்கள் மேலும் கீழும் அலைகின்றன. உச்ச நிலையிலிருந்து கால் அலைவுக்காலம் கழிந்ததும் கம்பி முழுவதும் ஒரு கணம் நேர்கோடாகிவிடும்.

இதை 'ஆக்டேவ்' மென்பொருளில் அசைத்துக் காட்டும்படி என் மாணவர்களிடம் சொன்னேன். அலைவுக்காலத்தை 40 பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் 'பிளாட்' கட்டளையைக் கொடுத்தார்கள். பழைய படம் மறைந்து புதுப் படம் வந்தது. ஆனால் கம்பி அடங்கவே இல்லை! நேர்கோடாக வேண்டிய கணத்திலும் திரை நிறைய அலை நின்றது. அடுத்த கணமே குப்புறக் கவிழ்ந்தது. "கொள்கை தவறா, ஐயா?" என்றான் ஒருவன்.

கொள்கை தவறன்று. அச்சின் ஓரத்தைப் பாருங்கள். 10⁻¹⁷ என்று சிறிய எழுத்தில் இருக்கும். 'பை' என்ற எண்ணைக் கணிப்பொறி ஏறத்தாழத்தான் வைத்திருக்கிறது. ஆகவே 90 பாகையின் கோசைன் அதற்குச் சுழி அன்று, 6.1 × 10⁻¹⁷. அந்த அற்ப எச்சத்தையும் 'பிளாட்' திரையளவுக்கு ஊதிக் காட்டுகிறது. அச்சின் எல்லைகளை ஒவ்வொரு முறையும் தானே புதிதாக வகுத்துக்கொள்வதே காரணம். தடையுறு அதிர்விலும் இதே கதைதான்: வீச்சு குறையும், படம் குறையாது.

ஒரே ஒரு வரைபடத்துக்கு இவ்வசதி வரப்பிரசாதம் என்பதை மறுக்க மாட்டேன். 1970களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர் 'மாட்லாப்' எழுதியதே, மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமல் அணிக் கணக்குகளைப் போடுவதற்காகத்தான். ஆக்டேவ் அதன் மொழியைப் பெரிதும் பின்பற்றுவது, இலவசமாகவும் கிடைக்கிறது. என் குறை வேறு. எல்லையை நீங்கள் முன்கூட்டியே குறித்து வைத்தாலும், அடுத்த 'பிளாட்' அதை எச்சரிக்கையின்றி அழித்துவிடும். 'ஹோல்ட் ஆன்' கொடுத்தாலோ பழைய கோடுகள் போகாமல் புதராக மண்டும்.

கோட்டை ஒரே முறை வரையுங்கள். வீச்சு 1 என்றால் எல்லையை -1 முதல் +1 வரை நிறுத்துங்கள். பின்பு 'செட்' கட்டளையால் அக்கோட்டின் 'ஒய்டேட்டா' மதிப்புகளை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் 'டிரா நௌ' கொடுங்கள். படம் துடிக்காது, வேகமும் கூடும். கையேட்டில் இவையெல்லாம் இருக்கின்றன, ஆனால் முதல் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த மாணவன் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தான். இரண்டாவதில் கம்பி நேராகி, பின் மறுபக்கம் வளைந்தது. முதல் படத்தை ஏற்கெனவே குறிப்பேட்டில் ஒட்டியிருந்தான். அதைக் கிழிக்காமல், ஓரத்திலிருந்த 10⁻¹⁷ஐ மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டான்.