உம் கொட்டும் அரங்கம்

கல்லூரித் தமிழ் மன்றங்கள் நடத்தும் கவியரங்கம், கதை சொல்லும் நிகழ்ச்சி எதுவானாலும் முடிந்தவரை போய் உட்கார்ந்துவிடுவேன். பத்தொன்பது, இருபது வயதில் ஒருவர் தாம் எழுதிய வரியைத் தம் குரலிலேயே பிறர் காதில் போடும் நேரத்துக்கு ஈடு கிடையாது. அதே கவிதை பிறகு ஆண்டுமலரில் அச்சாகி வரும். ஆனால் அந்தக் குரல் அதில் இருக்காது.

நம்மிடம் நூல்களே காதால் சோதிக்கப்பட்டு நிலைபெற்றவை. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. எழுதியவர் பெயரோடு கேட்டவர் பெயரையும் சேர்த்துப் பதிந்துவைத்த மரபு இது. மாணவர் வாசிப்பையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

கவியரங்கத்தின் உயிர், ஒரு வரியைத் திருப்பிச் சொல்வதில் இருக்கிறது. முதல் தடவை பொருள் போய்ச் சேரும். இரண்டாம் தடவை அழுத்தம் வேறொரு சொல்லில் விழும். அப்போதுதான் வரி திறக்கும். அடுத்த வரியைத் தராமல் பிடித்து வைத்திருக்கும் இந்த வித்தை உருதுக் கவியரங்கமான முஷாயிராவிலும் உண்டு. அந்த உருது மரபு தமிழ்க் கல்லூரிக்கு அந்நியமும் அல்ல: உருது கஸல் வடிவத்தைத் தமிழில் எழுதிக் காட்டிய கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ் கற்பித்தது, உருதும் தமிழும் கலந்து புழங்கும் வாணியம்பாடியில், இஸ்லாமியாக் கல்லூரியில். வரியைப் பிடித்து வைக்கும் வித்தையை மாணவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் கைதட்டலுக்காகவே வரியை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தட்டல் ஓய்ந்ததும் கவிதையும் ஓய்ந்துவிடுகிறது.

திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அம்மாவைப் பற்றி ஒரு மாணவி வாசித்தாள். கையிலிருந்த தாளில் வரிகளுக்கு நடுவே பென்சிலால் சாய்கோடுகள். மூச்சு விட வேண்டிய இடங்கள். “பிசிறு” என்று சொன்னதும் பின்வரிசைப் பெண்களிடம் ஒரு சலசலப்பு. அவர்கள் வீட்டிலும் அந்தச் சொல் இருக்கிறது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், அடங்கும்வரை காத்திருந்தாள், பிறகு குரலை இன்னும் தணித்தாள். “மறுபடியும்” என்று கூட்டம் கேட்டபோது, அவர்கள் தட்டிய வரியை விட்டுவிட்டு, அம்மா சேலையிலிருந்து நூலைப் பொறுக்கும் முந்தைய வரியைத் திருப்பிச் சொன்னாள். எந்த வரி கனமானது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்றைய அரங்கின் உச்சம் அதுதான்.

கதைக்கு வேறு இலக்கணம். அங்கே தட்டல் இடைஞ்சல். உம் கொட்டத்தான் ஆள் வேண்டும். “ஒரு ஊர்ல ஒரு கிழவி இருந்தாளாம்” என்றால் அந்த ‘ஆம்’ முடியும் இடத்தில் கேட்பவரின் ‘உம்’ தானாக வந்து விழும். கதையை எழுதி மனப்பாடம் செய்து வரும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். “என்று கூறினான்” என்று முடிகிற வாக்கியத்தில் உம் விழ இடமே இல்லை. தாத்தா ஆட்டுக்கிடையில் காவல் படுத்த ராத்திரிகளைச் சொன்ன ஒரு பையன், பாதியில் நிறுத்தி, “கேக்குறீங்கள்ல?” என்றான். அரங்கம் முழுக்க “உம்” என்றது. அதன்பிறகு அவன் மைக்கைத் தேடவே இல்லை.

நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனதை நான் இதோடு சேர்த்தே நினைப்பேன். வாய்மொழிக் கதைக்கு அப்போது வகுப்பறையில் ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலி எல்லாக் கல்லூரிகளிலும் இருக்க வேண்டும்.

விழா நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறப்பு விருந்தினருக்கு ஒரு மணி நேரம், மாணவருக்கு மூன்று நிமிடமும் மணியடிப்பும் என்ற வழக்கத்தை மாற்றுங்கள். பத்து நிமிடம் கொடுங்கள். பொன்னாடைகளைக் குறைத்தால் நேரம் தாராளமாகக் கிடைக்கும். கல்லூரிக்கு அருகில் குடியிருப்பவர்களே, அடுத்த முறை மன்ற விழா என்று காதில் விழுந்தால் அனுமதி கேட்டு உள்ளே போய் முன்வரிசையில் உட்காருங்கள். கதை வந்தால் உம் கொட்டுங்கள்.