வாய் திறவாத தீர்ப்பு

பெண்ணொருத்தி மணமுறிவு கோரி வழக்கு மன்றம் ஏறுகிறாள். அவள் கேட்பது விடுதலை மட்டுமன்று. தாய்வீட்டார் பூட்டிய நகை வேண்டும் என்கிறாள்; மணவிழாவில் இருவருக்குமாக வந்த பொருள்களில் தன் பங்கும் வேண்டும் என்கிறாள். ஆண்டுகள் உருண்டபின் தீர்ப்பு வருகிறது. மணம் முறிந்தது என்று அது கூறுகிறது. நகை? பங்கு? தருக என்றும் இல்லை. தரவேண்டா என்றும் இல்லை. ஒரு சொல்லும் இல்லை!

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது ஊர் வழக்கு. சட்டமோ நேர்மாறாக உரை எழுதி வைத்திருக்கிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் ஐந்தாம் விளக்கம் என ஒன்று உண்டு. வழக்குரையில் கோரிய பரிகாரம் தீர்ப்பாணையில் வெளிப்படையாக வழங்கப்படவில்லையெனில், அது மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. காவியத்தின் வரிகளை ஆராயும் நாம் சட்டத்தின் இந்த வரியையும் ஆராய்ந்து பார்ப்போம்.

வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும். ஒரே பொருளுக்காக ஒருவரைத் திரும்பத் திரும்ப மன்றத்துக்கு இழுத்தலாகாது. இந்த நோக்கம் நன்றே. ஆனால், மன்றத்தின் மறதிக்கு யார் தண்டம் கட்டுவது? விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஒரு விடையைப் பாராமலே ஏட்டைப் புரட்டிவிடுகிறார். “பாராத விடைக்குப் பூச்சியம்” என்று விதி வகுத்தால் மாணவன் ஏற்பானா? சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான். உண்மை விளங்கியதும் பிழை தன்னுடையதே என்று ஏற்றான். கண்ணகியின் தலையில் அதைச் சுமத்தவில்லை. ஐந்தாம் விளக்கமோ, பேசாத மன்றத்தை விட்டுவிட்டு, கேட்ட பெண்ணின் தலையில் சுமையை ஏற்றுகிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தீர்வுக்குரிய பொருள், அதன் மீதான முடிவு, முடிவுக்கான காரணம் ஆகியவை தீர்ப்பில் இருந்தாக வேண்டும் என்கிறது. முடிவும் காரணமும் கட்டாயம் என்று ஒரு சட்டம்! இரண்டும் இல்லையேல் மறுப்பாகும் என்று இன்னொரு சட்டம்! கடமையை மறந்த மௌனத்துக்குத் தீர்ப்பின் வலிமையைக் கொடுப்பது அறமாகுமா?

வரி மாறும்வரை வாளாவிருக்கலாமா? கூடாது, தோழர்களே! மறுத்ததாகக் கொள்ளப்பட்டால், அந்த மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். மணமுறிவை அப்படியே விட்டுவிட்டு, விடுபட்ட பகுதியை மட்டும் எடுத்துச் செல்லவும் வழியுண்டு. குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் தருகிறது; இந்துத் திருமணச் சட்டம் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 90 நாள் தருகிறது. குறைந்த கெடுவையே கணக்கில் கொள்வது அறிவுடைமை. உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வு அதைக் கேட்கும். சான்று போதுமெனில் தானே முடிவு செய்யும்; போதாதெனில் கீழ்மன்றத்துக்கு அனுப்பி விசாரிக்கச் செய்யும்.

பிழை வெளிப்படையாகத் தெரிந்தால், தீர்ப்பளித்த மன்றத்திடமே மறு ஆய்வு கோரலாம். அதற்கும் கெடு 30 நாளே. மேல்முறையீடு செய்தபின் அந்தக் கதவு அடைபடும். “இக்கோரிக்கை வாதிடப்படவில்லை” என்று தீர்ப்பே கூறுமானால், நினைவு மங்குமுன் அதே நீதிபதியிடம் சென்று திருத்தம் கேட்க வேண்டும் என்பது 1982-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி.

நிலையான வாழ்க்கைப்படியை ஆணைக்குப் பின்னும் கேட்க 25-ஆம் பிரிவு இடந்தருகிறது. இருவருக்கும் உரிய மணப்பொருளைப் பற்றிய 27-ஆம் பிரிவோ தீர்ப்பாணையிலேயே ஏற்பாடு செய்வதைப் பேசுகிறது. ஆகவே இதில் அயர்தல் ஆகாது. மணத்தோடு தொடர்புடையதாயின், முன்போ பின்போ தந்த பொருளும் அதில் அடங்கும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சீதனம் பெண்ணின் முழு உடைமை, கணவன் கையில் இருந்தாலும் அது அவனுடையதாகாது என்று 1985-இலேயே அது கூறிவிட்டது.

ஒன்று மறவாதீர். மனுவில் கேளாததை மன்றம் கவனிக்கவில்லை என்று மேல்மன்றத்தில் புலம்பிப் பயனில்லை. கேட்டிருக்க வேண்டும், சான்றும் வைத்திருக்க வேண்டும். மனுவையும் தீர்ப்பையும் அருகருகே வைத்து, கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் விடை உண்டா என்று பார்க்க எழுத்தறிந்த எவராலும் இயலும். மணமுறிவுத் தீர்ப்பாணையின் படி இருதரப்பாருக்கும் விலையின்றிக் கிடைக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் பாராமல் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி தருகிறது. இவற்றை அவளிடம் எடுத்துரைப்பது படித்த இளைஞர்தம் கடன் அன்றோ?

நாம் கேட்பது சலுகையன்று. ஒவ்வொரு தீர்ப்பின் இறுதியிலும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி, எதிரே ஆம் அல்லது இல்லை என்று எழுதுக. ஏன் என்றும் எழுதுக. “இல்லை” என்ற சொல்லோடு போராடலாம், காரணத்தோடு வாதிடலாம். கேட்டவளுக்கு விடை சொல்லாத தீர்ப்பு முடிந்த தீர்ப்பாகாது!