முட்டைகளை உடைத்தவர்கள்

திரையில் வேற்றுலக உயிர்களைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இப்போது ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. 2015இல் தொடங்கிய 'தி எக்ஸ்பேன்ஸ்' தொடர், 2016இல் வந்த 'அரைவல்' படம் ஆகியவற்றுக்கு முன்னால் மெய்யான அந்நிய உயிர் எதுவும் திரைக்கு வரவில்லை. பழைய தொலைக்காட்சியில் இருந்தவை ரப்பர் முகமூடிகளும் அட்டைப் பாறைகளும் மட்டுமே என்கிறார்கள். புரிந்துகொள்ளவே முடியாததுதான் உண்மையான அந்நியம் என்பது இத்தீர்ப்பின் மறுபாதி. இரண்டுமே பிழை. ரப்பரும் அட்டையும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குள் நடந்த கதையை இவர்கள் பார்க்கவில்லை.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. விண்வெளி வீரன் ஒரு கோளில் கால் வைக்கிறான். அந்த இடம் யாருடையது? அங்கே முன்பே வாழ்ந்துவரும் உயிருக்கு இவன் யார்? இக்கேள்வியைக் கேட்ட தொடர்கள் மிகக் குறைவு. கேட்டவற்றில் தலையாயவை 1963க்கும் 1970க்கும் இடையில், கைக்காசு பற்றாத படப்பிடிப்புத் தளங்களில் உருவானவை.

தொடக்கம் எல்லோரும் அறிந்ததே. 1953 கோடையில் பிபிசி ஆறு வாரம் நேரலையாக ஒளிபரப்பிய 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்', ஸ்புட்னிக்குக்கு நான்கு ஆண்டு முந்தியது. ராக்கெட்டில் போனவர்கள் மூவர், திரும்பியவன் ஒருவன். மற்ற இருவரும் அவனுக்குள்ளேயே கரைந்து கிடக்கிறார்கள், அவனோ மெல்லத் தாவர உருவாக மாறிக்கொண்டிருக்கிறான். எழுதியவர் நைஜல் நீல். முடிவில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பரவி நிற்கும் அந்த உருவத்திடம் பேராசிரியர் குவாட்டர்மாஸ் பேசுகிறார். அதற்குள் மிச்சமிருக்கும் மூன்று மனிதர்களின் மனத்தைத் தட்டி எழுப்புகிறார். அவர்கள் விரும்பிச் செத்து உலகைக் காக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஹாமர் நிறுவனம் இதைப் படமாக்கியபோது அந்த உரையாடலைத் தூக்கிவிட்டு, மின்சாரம் பாய்ச்சி உருவத்தைக் கொன்றது. பேச்சா, மின்சாரமா என்ற இந்தப் பிரிவு பிறகு இத்துறை முழுவதையும் தொடர்ந்து வந்தது. ஆனாலும் நீலின் கதையில் தாக்கப்படுவது நாம்தான். பூமிதான் முற்றுகையில் இருக்கிறது.

அதைத் திருப்பிப் போட்டவர்களில் முந்தியவர் ரிச்சர்ட் மேதிசன். 'தி ட்வைலைட் ஸோன்' தொடருக்காக அவர் எழுதிய 'தி இன்வேடர்ஸ்' 1961 ஜனவரியில் வந்தது. தனித்த பண்ணைவீட்டில் ஒரு கிழவி. கூரையில் ஒரு தட்டு விழுகிறது, விரலளவு உருவங்கள் இறங்கி அவளைத் துன்புறுத்துகின்றன. ஆக்னஸ் மூர்ஹெட் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அந்த அரைமணி நேரத்தைத் தாங்குகிறார். கடைசியில் கோடரியால் அவள் நொறுக்கும் கலத்தின் மேல் அமெரிக்க விமானப் படையின் பெயர் எழுதியிருக்கிறது. அருமையான திருப்பம்தான். ஆனால் அது திருப்பமாகவே நின்றுவிடுகிறது. உண்மை தெரிந்த மறுநிமிடம் கதை முடிந்துவிடுவதால், அத்துமீறியவர்கள் நாம் என்ற அறிவோடு யாரும் வாழ வேண்டியதில்லை.

'தி அவுட்டர் லிமிட்ஸ்' இன்னும் கொஞ்சம் தூரம் போனது. 1963இல் தொடங்கி 49 அத்தியாயங்களோடு நின்றுபோன தொடர். 'சைக்கோ' படத்தின் திரைக்கதை ஆசிரியர் ஜோசப் ஸ்டெஃபானோதான் முதல் பருவத்தின் தயாரிப்பாளர். வாரம் ஒரு விசித்திர உருவம் தோன்றியாக வேண்டும், அதற்குக் குழுவுக்குள் 'கரடி' என்று பெயர். இந்தக் கட்டாயத்துக்குள் இருந்துகொண்டே ஸ்டெஃபானோ 'நைட்மேர்' எழுதினார். எபோன் என்ற கோளுக்குப் போரிடப் போன பூமி வீரர்கள் சிறைப்பட்டு வதைபடுகிறார்கள். வதைப்பவர்கள் சாத்தான் சாயலில் இருக்கிறார்கள். பிறகு தெரியவருகிறது: எபோனியர்கள் பூமியைத் தாக்கியதே ஒரு விபத்து, அதற்கு அவர்கள் மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள். அதைப் பயன்படுத்தித் தன் வீரர்களின் உறுதியைச் சோதித்துப் பார்ப்பது பூமியின் ராணுவத் தலைமை. மனிதர்கள் சாவதைக் கண்டு, போதும் நிறுத்துங்கள் என்று சொல்வது அந்தச் சாத்தான் முகம்தான். கான்ராட் ஹாலின் ஒளிப்பதிவால் கொண்டாடப்படும் இத்தொடரை இந்த ஒரு கதைக்காகவே நான் அதிகம் மதிக்கிறேன்.

இனி ஜீன் எல். கூன். எண்பதுகளில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' பார்த்த நம்மவர்களுக்குக் கப்பலின் வேற்றுலகத்து அதிகாரி ஸ்போக்கின் காது நினைவிருக்கும், தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் பெயர்கூட நினைவிருக்கும். கூனின் பெயர் இருக்காது. நெப்ராஸ்காவில் 1924இல் பிறந்தவர், கடற்படைக் காலாட்படையில் இருந்தவர், கௌபாய் தொடர்களுக்கும் போர்த் தொடர்களுக்கும் எழுதிப் பழகியவர். 1966 ஆகஸ்ட் வாக்கில் தயாரிப்பாளராக வந்து சேர்ந்தார். அவர் கை படுவதற்கு முன் 'ஸ்டார் ட்ரெக்' எப்படி இருந்தது என்பதற்கு, 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்பான 'தி மேன் ட்ராப்' சாட்சி. தன் இனத்தில் எஞ்சிய ஒரே உயிர், உப்புக்காக மனிதரைக் கொல்கிறது. சுட்டுக் கொன்றுவிட்டு, கப்பல் கிளம்பிவிடுகிறது. தலைவர் முகத்தில் சிறு வருத்தம், அவ்வளவே.

1967 ஜனவரி 19 முதல் மார்ச் 23 வரை, ஒன்பது வாரங்களுக்குள், கூன் எழுதிய மூன்று அத்தியாயங்கள் இதைத் தலைகீழாக்கின. முதலாவது 'அரீனா'. செஸ்டஸ் மூன்று என்ற குடியிருப்பைப் பல்லி முகம் கொண்ட கோர்ன்கள் அழித்துவிட, கேப்டன் கிர்க் பழிவாங்கத் துரத்துகிறார். வலிமை மிக்க மூன்றாம் இனம் ஒன்று இருவரையும் தனியே ஒரு பாறை வெளியில் இறக்கி மோதவிடுகிறது. கந்தகம், கரி, வெடியுப்பு கலந்து பீரங்கி செய்யும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியம் அதற்கு முன்னால் கோர்ன் சொல்வது: நீங்கள் குடியேறியது எங்கள் எல்லைக்குள். கிர்க்குக்கு உடனே பதில் இல்லை. வென்ற பிறகு கொல்ல மறுக்கிறார். கதைக்கு மூலமாகக் காட்டப்பட்டது பிரெட்ரிக் பிரவுனின் 1944ஆம் ஆண்டுச் சிறுகதை. அதில் மனிதன் எதிரியைக் கொல்கிறான், எதிரியின் படை முழுவதும் அழிகிறது. உலகப்போர் காலத்துக் கதைக்கும் வியட்நாம் காலத்துக் கதைக்கும் உள்ள தூரம் இந்த ஒரு முடிவில் தெரிந்துவிடுகிறது.

மார்ச் 9 அன்று 'தி டெவில் இன் தி டார்க்'. ஜேனஸ் ஆறு என்ற சுரங்கக் கோளில் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கருகிச் சாகிறார்கள். கொல்வது ஹோர்ட்டா. பாறையைத் தின்று துளைத்துச் செல்லும், சிலிக்கானால் ஆன உயிர். சுரங்கத்தில் குவிந்து கிடந்த அழகான உருண்டைக் கற்களை யாரும் பொருட்படுத்தவில்லை. உடைத்தார்கள், தூக்கி எறிந்தார்கள். ஆயிரக்கணக்கில் உடைபட்ட அவை ஹோர்ட்டாவின் முட்டைகள். 50,000 ஆண்டுக்கு ஒருமுறை இனமே மடிய, ஒரே ஒரு தாய் எஞ்சி நின்று அடுத்த தலைமுறையைக் காக்கிறாள். சாகிறவர்கள் அவளுடைய பிள்ளைகளைக் கொன்றவர்கள்.

எழுத்தின் நுட்பம் பாத்திரங்களை இடம் மாற்றியதில் இருக்கிறது. தொடக்கத்தில் கொல்லத்தான் வேண்டும் என்று நிற்பவர் கிர்க், உயிரோடு பிடிக்கலாமே என்று தயங்குபவர் ஸ்போக். குகைக்குள் கிர்க் அந்த உயிரின் எதிரே தனியாக நின்று, அதன் காயத்தைப் பார்த்த பின் துப்பாக்கி தாழ்கிறது. நண்பனுக்கு ஆபத்து என்றதும் ஸ்போக் 'கொன்றுவிடுங்கள்' என்று பதறுகிறார். தத்துவம் எதுவும் பேசாமல், நேருக்கு நேர் நிற்பது மனிதனை என்ன செய்கிறது என்று காட்டியாகிவிட்டது. பிறகு ஸ்போக் ஹோர்ட்டாவின் மனத்தோடு தன் மனத்தை இணைக்கிறார். அதன் வலி அவர் வாய்வழியாக வருகிறது. கொழும்பில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், இத்தொடரில் தன் நினைவில் நின்றது இந்த ஒன்றே என்று பின்னாளில் சொன்னார். விசித்திரமானது, ஆபத்தானது, ஆயினும் தீயது அல்ல என்ற எண்ணமே அவரைக் கவர்ந்தது.

ஹோர்ட்டாவின் உடைக்குள் தவழ்ந்தவர் ஹங்கேரியில் பிறந்த யானோஷ் ப்ரோஹாஸ்கா. 'தி அவுட்டர் லிமிட்ஸ்' கடைசி அத்தியாயத்தில் ராட்சதக் கிருமியாக வந்தபோது அணிந்த உடையைத் திருத்தி அமைத்ததுதான் இது. ஒரு தொடரில் வெறும் கரடியாக இருந்த அதே ரப்பர் இன்னொன்றில் தாயானது. ரப்பரைக் குறை சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஒரு குறையை மட்டும் மறைக்கமாட்டேன். முடிவில் ஹோர்ட்டாவின் பிள்ளைகள் சுரங்கம் தோண்ட, மனிதர்கள் கனிமத்தை அள்ளுவதாக உடன்பாடு. பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்குக் கிடைத்தது சமாதானம், கொன்றவர்களுக்குக் கிடைத்தது செல்வம். இரண்டே வாரத்தில் வந்த 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி' இவ்வளவு தாராளமாக மனிதரை விட்டுவிடவில்லை. எதிரி இனமான கிளிங்கன்களோடு போரிட எங்களுக்கு உரிமை உண்டு என்று வாதிடும் கிர்க், அந்த வாதத்தைத் தன் காதாலேயே கேட்டு வெட்கி நிற்கிறார்.

கூன் இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே தயாரிப்புப் பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு லீ க்ரோனின் என்ற பெயரில் எழுதியவற்றில் மோசமானவையும் உண்டு. அதனால் அந்த ஒன்பது வாரம் சிறுத்துவிடாது.

புரியாமையே உயர்வு என்பவர்கள் 'சோலாரிஸ்' பக்கம் கைகாட்டுவார்கள். தர்க்கோவ்ஸ்கி அதைப் படமாக்குவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1968இல், சோவியத் தொலைக்காட்சி அதை இரண்டு பகுதிகளாக எடுத்துவிட்டது. போரிஸ் நீரென்பர்க் இயக்கம், கெல்வினாக வசீலி லனவோய். மூல நாவலை எழுதிய லெம் படைத்த, யாருக்கும் புரியாத அந்த உயிர்க்கடல் மகத்தான கற்பனை. ஆனால் கடலிடம் யாரும் கடன்பட முடியாது. ஹோர்ட்டாவிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கூனின் வாரிசு அமெரிக்காவில் தோன்றவில்லை, லண்டனில் தோன்றினார். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த மால்கம் ஹல்க், 1970இல் 'டாக்டர் ஹூ' தொடருக்கு எழுதிய சைலூரியன் கதையில் பூமியே நமக்கு முன் வேறோர் இனத்துக்குச் சொந்தம் என்றார். அடுத்து வந்த 'தி அம்பாசடர்ஸ் ஆஃப் டெத்' டேவிட் விட்டகர் பெயரில் வந்தாலும் ஹல்க் பெரும்பகுதியைத் திருத்தி எழுதியது. செவ்வாய்க்குப் போன கலம் திரும்பி வருகிறது. உள்ளே விண்வெளி உடையில் இருப்பவர்கள் நம் வீரர்கள் அல்லர், வேற்றுலகத் தூதர்கள். தொட்டால் சாவு, ஆனால் அவர்கள் வந்தது பேசுவதற்காக. அவர்களைக் கடத்திக் கொலைக் கருவிகளாக்குபவர் ஜெனரல் காரிங்டன், முன்பு செவ்வாயில் தன் தோழனைப் பறிகொடுத்த விண்வெளி வீரர். உலகத் தொலைக்காட்சியில் தூதர் ஒருவரின் முகமூடியைக் கழற்றிக் காட்டிப் போர் மூட்டுவது அவர் திட்டம். முகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் இந்தத் தொலைக்காட்சி வழக்கத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார் ஹல்க். இது ஓடிக்கொண்டிருந்த ஏப்ரலில்தான் அப்பல்லோ 13 தத்தளித்தது.

பிறகு வீழ்ச்சி. 'ஸ்பேஸ்: 1999' முதல் பருவம் தகுதி வாய்ந்தது. அதன் 'டிராகன்ஸ் டொமைன்' கதையில் எந்தக் கருவியிலும் பதியாத உயிர் ஒன்று வீரர்களை விழுங்கிக் கருகிய உடலாகத் துப்புகிறது. திகிலாகப் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் அந்த உயிருக்குப் பசி தவிர எதுவும் இல்லை. 1976இல் ஃபிரெட் ஃப்ரைபெர்கர் பொறுப்பேற்ற இரண்டாம் பருவம் வாராவாரம் கரடியைத் திரும்பக் கொண்டுவந்தது. 1979இல் 'ஏலியன்' வென்றதோடு திகிலே இத்துறையின் பொது மொழியாயிற்று. இன்றைய பெருஞ்செலவுத் தொடர்கள் பலவும் அந்தப் பசியையே இன்னும் அழகாக வரைந்து தருகின்றன.

கூன் 1973 ஜூலையில், 49 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ப்ரோஹாஸ்கா மறு ஆண்டு படப்பிடிப்புப் பயணம் ஒன்றில் விமான விபத்தில் மகனோடு மாண்டார். ஹல்க் 1979இல் போய்ச் சேர்ந்தார். இத்துறையின் வரலாற்றை இனி எழுத உட்காருகிறவர்கள் ராடன்பெரியிலிருந்து நேரே இன்றைக்குத் தாவாமல், 1967 தொடக்கத்தின் அந்த மூன்று அத்தியாயங்களையும் 1970இல் வந்த 'தி அம்பாசடர்ஸ் ஆஃப் டெத்' கதையின் ஏழு பகுதிகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு எழுதட்டும்.