தன்னைக் காட்டிக்கொள்ளாத விளக்கு

புற ஊதா அலங்காரத்தை நான் ஒரே விதத்தில்தான் மதிப்பிடுவேன்: அறைக்குள் வருகிறவர் விளக்கு எங்கே என்று தேட வேண்டும். சுவரெல்லாம் கத்தரிப்பூ நிறம் வழிந்தால், அங்கே விளக்குதான் அலங்காரமாகிவிட்டது; ஒளிர வேண்டிய பொருள்கள் மங்கிப்போயின.

இதற்கு யூஎஸ்பியில் எரியும் மலிவான மேசை விளக்கே போதும்; அதன் எல்இடியை மாற்றினால் சரி. அதிலுள்ள வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட்டில் எரிகிறது. புற ஊதா எல்இடிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அதே மின்னோட்டம் தாங்கும் எல்இடியாக வாங்கினால் பெரும்பாலும் ரெசிஸ்டரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. சால்டரிங் அயர்னால் பழையதை எடுத்து, பிளஸ் மைனஸ் பார்த்துப் புதியதை வைக்க வேண்டியதுதான். 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் விளக்குகளில் மட்டும் கை வைக்கக் கூடாது.

இந்த வேலையில் என்னைச் சொக்கவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. வெள்ளை எல்இடி உண்மையில் வெள்ளையாக எரிவதில்லை. உள்ளே இருப்பது நீல ஒளி. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை உள்வாங்கி மஞ்சளாக உமிழ்கிறது. இரண்டும் கலந்துதான் நமக்கு வெள்ளை. ஆக, ஒரு ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும் இந்த வித்தை நாம் பிரிக்கும் விளக்குக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. நாம் செய்வதெல்லாம் அந்தப் பூச்சை விளக்கிலிருந்து எடுத்து அறைப் பொருள்களின்மேல் பரப்புவதுதான்!

மலிவாகக் கிடைப்பது 395 நானோமீட்டர் எல்இடி. அதில் ஊதா நிறம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். விலை கூடினாலும் 365-தான் என் தேர்வு. முன்னால் கறுப்பு வடிகண்ணாடி வைத்தால் மிச்சமிருக்கும் வெளிச்சமும் அடங்கிவிடும். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் அது புற ஊதாவை விழுங்கிவிடும். கண் கூசாது என்பதால் எல்இடியை நேராகப் பார்த்துவிடவும் கூடாது. விளக்கை மறைத்து வைப்பது கண்ணுக்கும் காவல்.

இப்படி ஒளிரும் வண்ணங்களுக்கு ஒரு முன்கதை உண்டு. 1930களில் அமெரிக்காவின் பெர்க்லியில் பாப், ஜோ ஸ்விட்சர் சகோதரர்கள் தங்கள் அப்பாவின் மருந்துக் கடையில் புற ஊதா விளக்கோடு ஒளிரும் பொருள்களைத் தேடினார்கள். ஜோவுக்கு மேஜிக் பைத்தியம். அவர்கள் குழைத்த வண்ணங்கள் முதலில் மேடைக்குத்தான் போயின. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் டே-குளோ வண்ணங்களின் தொடக்கம் அது.

கடை வண்ணங்களைவிட வீட்டுப் பொருள்களே எனக்குப் பிடிக்கும். சலவைத்தூளில் துவைத்த வேட்டி நீலமாக எழும். ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள்தூள் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். கீரையை அரைத்து அதே ஸ்பிரிட்டில் வடித்தால், பகலில் பச்சையாக இருக்கும் சாறு ரத்தச் சிவப்பாக மாறும். பச்சையத்தின் இந்தச் சிவப்புக்கு ஈடான வண்ணம் எந்த டப்பாவிலும் இல்லை. பழுத்த வாழைப்பழத்தின் தோலிலும் மெல்லிய நீலம் தெரியும். பச்சையம் சிதைந்து உண்டாகும் சேர்மங்களின் வேலை அது.

எல்லாவற்றையும் ஒரே மேசையில் குவித்தால் ஒன்றும் எடுபடாது. நானாக இருந்தால் வேட்டியைக்கூட ஒதுக்கிவிடுவேன். அந்த நீலம் மற்றவற்றை அமுக்கிவிடும். கறுப்புத் துணி விரித்து, மூடிய கண்ணாடிக் குப்பிகளில் கீரைச் சாறும் மஞ்சளும் மட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி.