அண்ணாவி எழுதாத ஏடு

ஓட்டப்பிடாரத்தில் சிறுவன் சிதம்பரத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் வீரப்பெருமாள் அண்ணாவி. அந்தப் பெயர் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், படித்த பிள்ளை அதை எழுதி வைத்ததால்தான். பின்னாளில் வ.உ.சி. ஆன அந்தப் பிள்ளை தம் சுயசரிதையைச் செய்யுளாக எழுதினார். 1936-இல் அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1946-இல் அது நூலாக வந்தது. பாட்டியிடம் கேட்ட சிவபுராணக் கதை, தாத்தாவிடம் கேட்ட ராமாயணம் என்று தாம் கற்ற வழியைச் சொல்லிவரும்போது அண்ணாவியும் வந்துபோகிறார். அண்ணாவி தம் கையால் எழுதியதாக எதுவும் நம் கைக்கு வரவில்லை. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறியது, அறுவடைக் காலத்தில் எத்தனை பேர் வராமல் போனார்கள், பிரம்பை எடுத்த அன்று அவர் மனசு என்ன பாடுபட்டது என்பதெல்லாம் அவரோடு போய்விட்டன.

தமிழில் பள்ளிக்கூடத்தைப் பற்றிய எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துகிற ஆசிரியர், தம் வகுப்பறையைத் தாமே உட்கார்ந்து எழுதியது மிகக் குறைவு. இந்தக் குறையை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

எழுதுபவர் பெயருக்கே எல்லாம் போய்ச் சேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தம் விடுதிக்குக் கொண்டுபோனார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை அதோடு சேர்த்து ஒரு முறையாக ஆக்கினார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைக்கு இது வெகு நெருக்கம். ஊர் திரும்பியதும் 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833-இல் எழும்பிய பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே பெயர். பெல் எட்டிப் பார்த்த அந்த மணல் பள்ளியில் உட்கார்ந்திருந்த வாத்தியார் யாரென்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

அதன்பின் வந்த நல்ல பள்ளி எழுத்துகளில் பெரும்பகுதி மாணவர் பக்கத்திலிருந்தே வந்தது. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ திண்ணைப் பள்ளியை அத்தனை துல்லியமாகக் காட்டுகிறது. காட்டுபவர் அங்கே பாடம் கேட்ட பிள்ளை. தமிழ் ஆசிரியர்கள் விரும்பிப் படிக்கும் ‘டோட்டோ சான்’ டோக்கியோவில் கோபயாஷி நடத்திய பள்ளியைப் பற்றியது. அதையும் எழுதியவர் அங்கே சிறுமியாகப் படித்தவர். இத்தாலியின் பார்பியானா மலைக்கிராமத்துப் பள்ளியில் எட்டு மாணவர்கள் சேர்ந்து 1967-இல் ஓர் ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம், ‘எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?’ என்று தமிழிலும் வந்திருக்கிறது. படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அந்த டீச்சர் பதில் எழுதியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? ஏழை வீட்டுப் பிள்ளையை ஃபெயிலாக்குகிற கை எந்தக் கணக்கில், எந்த அச்சத்தில் அதைச் செய்கிறது என்று அவர் ஒருவரால்தான் சொல்லியிருக்க முடியும்.

எழுத்தாளரான ஆசிரியர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பாரதிதாசன் 1909-இல் காரைக்கால் பக்கம் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து 37 ஆண்டு பணியாற்றி 1946-இல் ஓய்வு பெற்றார். ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்து எட்டயபுரத்துப் பாரதி, 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர். இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ‘செல்லாத பணம்’ நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இவர்களுடைய எழுத்தின் மையம் வகுப்பறைக்கு வெளியே இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாமாவின் ‘கருக்கு’ (1992) கொஞ்சம் வேறு. ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் துறவு மடத்தில் சேர்ந்த ஓர் ஆசிரியை, அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளியில் நிற்க நேர்ந்த வேதனை அதில் இருக்கிறது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ இன்னொரு வகை. கேள்வி கேட்டே அடிவாங்கிய மாணவியை இழந்த அறிவியல் ஆசிரியை, தன் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாக அந்தக் குறுநாவல் அமைந்திருக்கிறது. ஆசிரியரின் குற்றவுணர்வை இவ்வளவு நேராகச் சொன்ன படைப்பு தமிழில் அரிது. ஆனால் அது உயர்நிலைப் பள்ளி. ச. மாடசாமி கல்லூரிப் பேராசிரியர். அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராகச் சுற்றியவர். ‘என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா’ என்ற தலைப்பிலேயே, திருத்துகிற கைக்கு இருக்கும் அதிகாரத்தைத் தொட்டுக்காட்டிவிட்டார். புதுக்கோட்டைத் தமிழாசிரியர் நா. முத்துநிலவனின் ‘முதல் மதிப்பெண் எடுக்க வேண்டாம் மகளே’ பெற்றோரிடமும் போய்ச் சேர்ந்த புத்தகம். இவற்றுக்கு நான் கடன்பட்டவன். ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளை முதல்முறை ‘அ’ போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவரின் குரல் இதில் சேரவில்லை.

அந்தக் குரல் எப்படி இருக்கலாம் என்பதற்கு என் முதல் உதாரணம் குஜராத்தின் கிஜுபாய் பதேகா. வக்கீல் தொழிலை விட்டுப் பாவ்நகரில் குழந்தைகளோடு உட்கார்ந்தவர். 1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய நூல் தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் கிடைக்கிறது. கதை இதுதான்: ஓர் ஆசிரியர் அதிகாரியிடம் கேட்டு, அரசுப் பள்ளி நான்காம் வகுப்பை ஓராண்டு சோதனைக்காக வாங்கிக்கொள்கிறார். முதல் நாளுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து திட்டம் போட்டுவைத்திருக்கிறார். வகுப்பை அமைதியாக்க ஒரு மௌன விளையாட்டு. கதவு சன்னலைச் சாத்துகிறார், ‘ஓம் சாந்தி’ என்கிறார். பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். திட்டம் தவிடுபொடி. அன்றைக்குப் பள்ளியை விட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். வகுப்பு அவர் கைக்கு வருகிறது. அந்த முதல் நாள் தோல்வியை வெட்கப்படாமல் முன்னால் வைத்ததால்தான், பிறகு வருகிற வெற்றிகளை நாம் நம்புகிறோம்.

நம் ஆசிரியர்கள் இதழ்களில் எழுதுகிற அனுபவக் கட்டுரைகளில் எனக்குள்ள மனக்குறை இங்கேதான். சேரும்போது பள்ளியில் பிள்ளைகள் சொற்பம்; ஊரைக் கூட்டிப் பேசினேன்; சுவருக்கு வண்ணம் அடித்தோம்; புரவலர் கணினி வாங்கித் தந்தார்; சேர்க்கை கூடியது. பெரும்பாலான கட்டுரைகள் இந்தத் தடத்திலேயே ஓடுகின்றன. சேர்க்கை குறைந்தால் பள்ளிக்கே ஆபத்து என்கிற காலத்தில் அந்த உழைப்பு மிகப் பெரியது. அதை எழுதவும் வேண்டும். ஆனால் ஆசிரியர் ஜெயிக்கிற கதையில் பிள்ளை கூட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது. பெயருக்கு ஒரு பிள்ளைகூட அதில் வாய் திறந்து பேசுவதில்லை.

இத்தனைக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஓயாமல் எழுதுகிறவர். பாடக்குறிப்பு, வருகைப் பதிவேடு, சேர்க்கை நீக்கப் பதிவேடு, சத்துணவுக் கணக்கு, விலையில்லாப் பொருட்கள் வழங்கிய பட்டியல், போதாததற்கு எமிஸ் என்ற இணையவழிப் பதிவு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் இந்த ஏடுகளும் மற்றவர் தலையில். எல்லாம் மேலே போகிற எழுத்து. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். ஒரு பிள்ளை அரும்பில் இருக்கிறது என்று பட்டியல் சொல்லும். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளி 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. அந்த இடைவெளியில் ஆட்டுக்குட்டியோடு அலைந்து பழகிய பிள்ளை அது என்பதைப் பட்டியல் சொல்லாது. ஆசிரியருக்குத் தெரியும்.

ஓட்டப்பிடாரம் வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே கரிசல்: உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய். கிழக்கே வேப்பலோடைப் பக்கம் உப்பளம். தருவைக்குளம் கடலோரம். மூன்று வாழ்க்கைக்கும் புத்தகம் ஒன்று. மிளகாய்ப் பழம் பறிக்கிற நாட்களில் அம்மா விடியுமுன் காட்டுக்குப் போய்விடுவதால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் தங்கிவிடும். பதிவேட்டில் அது வராத நாள், அவ்வளவுதான். கடலோரத்துப் பிள்ளைக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்று வாரியாகக் கடலைச் சொல்லத் தெரியும். திசைகள் பாடத்தில் கிழக்கு மேற்கு மாற்றிப் போட்டால் சுழி. 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை மூச்சடக்குவதைப் பற்றிச் சொல்வது அறிவியல் பாடத்துக்கு எவ்வளவு பெரிய தொடக்கம்! ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதி உப்பளத் தொழிலாளரை நாவலுக்குள் கொண்டுவந்தார். அந்தத் தொழிலாளரின் பிள்ளை இரண்டாம் வகுப்பில் எப்படி வாசிக்கக் கற்றது என்பதை எழுத ஆசிரியர்தான் வேண்டும்.

இப்படிச் செய்து காட்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர், காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் கேட்டவை அம்மா, அப்பா, பேய், முத்தம் மாதிரியான சொற்கள். அன்பும் பயமும் கலந்த சொல்லை ஒரே பார்வையில் படித்துவிட்டார்கள். இதை அவர் 1963-இல் ‘டீச்சர்’ என்ற நூலாக எழுதியதால் உலகம் அறிந்தது.

எனக்கு இன்னும் பிடித்தவர் செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த முடியாது. 1920-இல் பிரான்சின் தென்மலைப் பகுதிக் கிராமப் பள்ளிக்கு வந்தார். 1924-இல் சின்ன அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி, நத்தைப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவர்களே எழுத்துக்கோத்து அச்சடித்தார்கள். அதுவே வாசிப்புப் பாடம். அந்தத் தாள்கள் நாட்டின் இன்னொரு கோடியில், பிரிட்டனிக் கடலோரத்து மீனவ ஊர்ப் பள்ளிக்குப் போயின. அங்கிருந்து பதில் தாள்கள் வந்தன. அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதல்ல. வேறோர் ஊரில் பிள்ளைகளின் எழுத்தையே சுவரொட்டியாக்கி எதிராளிகள் கிளப்பிய சண்டையில், 1933-இல் அந்தப் பள்ளியிலிருந்து வெளியேற வேண்டிவந்தது.

நம் ஆசிரியர்களுக்கும் தயக்கம் இருக்கும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் எழுதுவதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. தோல்வியை எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருமோ என்ற பயம் நியாயமானது. பிள்ளையின் பெயர், சாதி, வீட்டுக் கஷ்டம் வெளியே தெரியக் கூடாது என்பது அதைவிட முக்கியம். பெயரை மாற்றி, ஊர் அடையாளத்தை மறைத்து எழுதுவதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வாசல்கள் இல்லாமலும் இல்லை. பள்ளிக்கல்வித் துறையே பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’, ஆசிரியர்களுக்கு ‘கனவு ஆசிரியர்’ என்று இதழ் நடத்துகிறது. அவை மாநிலம் முழுமைக்கும் ஆனவை. எனக்கு ஆசை, ஓட்டப்பிடாரத்தின் குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் தேநீர் வேளையில் கை மாறுகிற ஒரு நகலெடுத்த இதழ். தருவைக்குளத்துப் பிள்ளைகள் சொன்னதைக் குறுக்குச்சாலைப் பக்கத்துப் பிள்ளைகள் வாசிக்கட்டும். கரிசலிலிருந்து பதில் போகட்டும். ஆசிரியருக்கு அதில் ஒரு பக்கம் போதும்: இந்த வாரம் எந்தப் பாடம் எந்தப் பிள்ளைக்கு ஏறவில்லை, அப்போது அந்தப் பிள்ளை வாயிலிருந்து வந்த சொல் என்ன, மறுநாள் அவர் என்ன செய்து பார்த்தார்.